குழாய் எல்லையில், காவல் நொய்டாவில்

தமிழக - கேரள எல்லையில் எதற்கும் ஒரு சோதனைச் சாவடி உண்டு. மீனாட்சிபுரத்தில், தமிழகத்திலிருந்து செல்லும் பாலில் கலப்படம் உள்ளதா என்று பார்க்கக்கூட ஆய்வுக்கூடம் இயங்குகிறது. ஆனால், அதே எல்லையில் வாளையாறு வரை மண்ணுக்கடியில் வந்து நிற்கும் எரிவாயுவை அருகிலிருந்து மோப்பம் பிடிக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பது உள்ளூர் விவசாயிக்குத் தெரியாது.

கொச்சியில் திரவ நிலையில் வந்திறங்கும் இயற்கை எரிவாயு, கூற்றநாட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மங்களூருக்கும் மற்றொன்று பாலக்காடு வழியாக வாளையாற்றுக்கும் செல்கின்றன. கொச்சி - மங்களூரு குழாயைப் பிரதமர் 2021 ஜனவரி 5-ம் தேதி தொடங்கி வைத்தார். இதே திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்களில் எழுப்பிய கொந்தளிப்பு எளிதில் மறக்கக் கூடியதல்ல. விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலையோரம் குழாய் பதிக்க வேண்டும் என்று 2013-ல் தமிழக அரசு கூறியது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் நிறுவனத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். 1962-ம் ஆண்டுக் குழாய்ச் சட்டம் நிலத்தை எடுத்துக் கொள்வதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டுமே எடுத்துக் கொள்கிறது. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால், அந்தப் பட்டையில் அவர் கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்கு இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். தென்னையை நம்பி வாழும் பொள்ளாச்சி, சித்தூர் வட்டாரங்களில் மரம் இல்லாத நிலத்துக்கு என்ன மதிப்பு என்று தில்லியில் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இத்தனையையும் விட்டுக்கொடுத்தவருக்கு அரசு திருப்பித் தர வேண்டியது பாதுகாப்பு. 2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திரத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கசிவு பற்றி முன்பே முறையிட்டதாக ஊர்மக்கள் கூறினர். சமையல் எரிவாயுக்கு நாற்றம் உண்டு. அது வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. பெருங்குழாய்களில் செல்லும் மீத்தேனுக்கு இயல்பில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும்.

கட்டுப்பாட்டு அறைகள் வழக்கமாகக் குழாயின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒப்பிட்டே கசிவை ஊகிக்கின்றன. பெரிய உடைப்பை இது காட்டிவிடும். ஓட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கசிவு பெரும்பாலும் கணக்கில் தெரியாது. நாள்கணக்கில் மண்ணில் பரவிக் கிடக்கும் சிறு கசிவே ஆபத்தானது.

இதற்கு மாற்று, குழாய்க்குப் பக்கத்திலேயே புதைந்து கிடக்கிறது. எரிவாயுக் குழாயோடு தகவல் தொடர்புக்காகக் கண்ணாடி இழைக் கம்பியும் பதிக்கப்படுகிறது. மீத்தேன் மூலக்கூறு, 1.65 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை விழுங்கும் தன்மை கொண்டது. ஒரு லேசர் விளக்கிலிருந்து அந்த ஒளியை இழை வழியே அனுப்பி, வழியில் சிறு கலங்களில் காற்றின் ஊடாகச் செலுத்தித் திரும்பப் பெற்றால், எவ்வளவு ஒளி குறைந்தது என்பதிலிருந்து பத்து லட்சத்தில் சில பங்கு மீத்தேனைக்கூட அறிய முடியும். பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கலத்துக்கு மின்சாரமே தேவையில்லை. எனவே தீப்பொறிக்கும் இடமில்லை. இதுதவிர, கசியும் வாயு மண்ணைக் குளிரச் செய்வதையும், சீறும் அதிர்வையும் அதே இழையின் ஒளிச் சிதறல் மூலம் மீட்டர் கணக்கில் இடம் சுட்டிக் கண்டறியும் முறைகளும் உள்ளன.

குறைகள் இல்லாமல் இல்லை. டிராக்டரும் ஆழ்துளைக் கிணற்று இயந்திரமும் பொய் எச்சரிக்கை எழுப்பும். மண்ணைக் குளிர வைக்காத, சீறாத ஊசித்துளைக் கசிவை அதிர்வு முறை பிடிக்காது. வாயுவையே அறியும் கலங்களை அடிக்கு அடி வைக்கவும் முடியாது. வால்வு நிலையங்கள், ஆறு, ரயில் பாதைகளைக் கடக்கும் இடங்கள், வீடுகள் நெருங்கிய பகுதிகள் என்று தேர்ந்தெடுத்தே வைக்க வேண்டும். செலவு அதிகம் என்ற வாதம் மட்டும் எடுபடாது. எண்ணெய்க் குழாய்களில் திருட்டைக் கண்டுபிடிக்க இதே இழையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பொதுத்துறை நிறுவனங்கள் 'காது' ஆக்கிவிட்டன. டீசலுக்குக் கிடைத்த காவல் மனிதருக்குக் கிடைக்கக் கூடாதா?

அடுத்த சிக்கல் எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பது. கெயில் நிறுவனத்தின் தேசிய எரிவாயு மேலாண்மை மையம் தில்லியை அடுத்த நொய்டாவில் இருக்கிறது. அங்கே விளக்கு எரிந்தால் வாளையாற்றில் அடுப்பு மூட்டுபவருக்குத் தெரியாது. கருவியின் எச்சரிக்கை அதே நொடியில் ஊராட்சிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தமிழிலும் மலையாளத்திலும் போய்ச் சேருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. குழாய்களின் பாதுகாப்புத் தரத்தை வகுப்பவை, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2009-ம் ஆண்டு விதிமுறைகள். வாரியமே அவற்றைத் திருத்தலாம். அத்தகைய விதிமுறைகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்றும், அவைகள் அவற்றை மாற்றலாம் என்றும் 2006-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவையில் வைக்கப்படும் அந்தக் காகிதக் கட்டுகளை உறுப்பினர்கள் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, ஆலத்தூர் உறுப்பினர்கள் நால்வரும் கட்சி பாராமல் பெட்ரோலிய அமைச்சரிடம் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம்: வாளையாறு கிளையில் எத்தனை இடங்களில் வாயுவை உணரும் கருவி இருக்கிறது? எச்சரிக்கை எழுந்த எத்தனையாவது நிமிடத்தில் ஊராட்சித் தலைவரின் தொலைபேசி ஒலிக்கும்?