ஸ்ட்ரெயின் மேல பழியைப் போடாதீங்க சார்!

ஊசி போட்ட நாய்க்குட்டி பார்வோ வந்து செத்துப்போனா, உடனே வந்து விழற வசனம் ஒண்ணு இருக்கு: "இது புது ஸ்ட்ரெயின் சார், ஊசிக்குக் கட்டுப்படாது." எங்க பக்கத்து வீட்டுக் குட்டிக்கும் இதையேதான் சொன்னாங்க. ரெண்டரை மாசக் குட்டி, ரெண்டு ஊசி போட்டாச்சு. நாலு நாள் ரத்தபேதி, முடிஞ்சது.

புது ஸ்ட்ரெயின்னு எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க? அங்கே செஞ்சது மலத்தைக் கரைச்சு அட்டையில சொட்டு விடற கிட் டெஸ்ட். ரெண்டு கோடு விழுந்தா பார்வோ, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அதுகிட்டப் போய் எந்த வகைன்னு கேட்கறது, கர்ப்பம் பார்க்கற அட்டைகிட்ட குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம்னு கேட்கற கதை.

வகை பிரிக்கணும்னா லேபுக்கு அனுப்பி, வைரஸோட மரபணுவைப் படிக்கணும். 1978-ல் உலகம் பூரா பரவின ஒரிஜினலுக்குப் பேர் 2. சில வருஷத்திலேயே 2ஏ, 2பி வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. 2000-ல் இத்தாலியில் 2சி தட்டுப்பட்டது. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்கறது எதை வச்சு தெரியுமா? மேலோட்டுப் புரதத்தில் 426-வது இடத்துல இருக்கற ஒரே ஒரு அமினோ அமிலம்! ஏ-வுல அஸ்பராஜின், பி-யில அஸ்பார்டிக் அமிலம், சி-யில குளூட்டாமிக் அமிலம். பழைய 2-ஐ வச்சு செஞ்ச ஊசியே 2சி-யையும் தடுக்குதுன்னு சோதிச்சுப் பார்த்தாச்சு.

அப்ப குட்டி ஏன் சாகுது? பெரும்பாலும் காரணம், தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி. குட்டியைக் காப்பாத்தற அதே சக்திதான் ஊசியில போற வைரஸையும் அடிச்சுப் போட்டுடும். அது எப்போ தீரும்ங்கறது குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் உலகச் சிறுபிராணி மருத்துவர்கள் சங்கம், 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, 16 வாரம் ஆகற வரைக்கும் 2-4 வாரத்துக்கு ஒருதடவை போடுங்கன்னு சொல்லுது. 2024-ல வந்த வழிகாட்டியில 26 வாரத்துல இன்னொண்ணும் போடச் சொல்றாங்க. நம்மாளுங்க 9 வாரத்திலேயே அட்டையில கையெழுத்தைப் போட்டு "கோர்ஸ் ஓவர்"ங்கறாங்க. அதைச் சொல்லக் கூச்சம். ஸ்ட்ரெயின் பாவம், வாயில்லா ஜீவன், எதுத்துப் பேசாது!

வகை பார்க்கறதே தண்டம்னு சொல்லலை. ஊசி போட்ட ஒரு வாரத்துல பேதியாகி, பி.சி.ஆர்.ல பாசிட்டிவ்னு வந்தா, அது ஊசி வைரஸா தெரு வைரஸான்னு பிரிக்க அது வேணும். ஆனா எந்த வகையா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான்: டிரிப்ஸ், வாந்தி நிக்க மருந்து, ராத்திரி பகலா கண்காணிப்பு.

இனிமே யாராவது "புது ஸ்ட்ரெயின்"னா, லேப் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்க. கடைசி ஊசி எத்தனாவது வாரம் போட்டீங்கன்னும் கேளுங்க.