கண்ணாடிப் பெட்டிக்குள் பிரெய்ல் புத்தகம்

பதிவு கொஞ்சம் நீளம். கணினி சமாச்சாரம்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இது ஒரு பையனின் வேலை பற்றியது.

நான் பார்வையற்றவன். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பதிவையும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் துணையோடு நானேதான் தட்டச்சு செய்கிறேன்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். அவனும் பார்வையற்றவன். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறான். பெயர் வேண்டாம். முதல் நாளே மடிக்கணினியைக் கொடுத்து, "வேலை எல்லாம் விர்ச்சுவல் மெஷினுக்குள்தான்" என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே போனால் ஒரே நிசப்தம். திரைவாசிப்பானை உள்ளே நிறுவ அனுமதி கேட்டான். "பாதுகாப்புக் கொள்கை இடம் தராது" என்று பதில். மூன்று வாரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து இருக்கைக்காரர் திரையைப் படித்துச் சொல்வார் என்று ஏற்பாடாம்.

"ஐயா, நான் வேலை பார்க்க வந்தேனா, வேடிக்கை பார்க்க வந்தேனா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விர்ச்சுவல் மெஷின், அதாவது மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்றவற்றின் மூலம் அது நம் மடிக்கணினியிலேயே ஓடலாம். அல்லது நிறுவனத்தின் சர்வரில் ஓட, அதன் திரை மட்டும் நமக்கு வந்து சேரலாம். பல நிறுவனங்கள் விரும்புவது இரண்டாவதை. தகவல் வெளியே கசியாது என்பது காரணம். அந்தக் காரணத்தில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே "உங்கள் கணினியில்தான் என்விடிஏ இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கிறார்களே, அங்கே.

போதாது. திரைவாசிப்பான் திரையின் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. ஒவ்வொரு பொத்தானும், பட்டியலும், எழுதும் கட்டமும் "நான் பொத்தான், என் பெயர் சேமி" என்று இயங்குதளத்திடம் தன்னைப் பதிந்து வைத்திருக்கும். வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி. திரைவாசிப்பான் படிப்பது அந்தப் பதிவேட்டை. மெய்நிகர் கணினியின் பதிவேடு அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியே வருவது வெறும் படம். பிரெய்ல் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "புத்தகம்தான் கொடுத்துவிட்டோமே, படியுங்கள்" என்றால் எப்படி?

"படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆர் இருக்கிறதே" என்பார் ஒருவர். இருக்கிறது. என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தினால் நானும் பயன்படுத்துவேன். ஒரு நோட்டீசைப் படிக்க அது போதும். எது பொத்தான், எதில் டிக் விழுந்திருக்கிறது, நான் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்பதை அது நம்பும்படி சொல்லாது. நாள் முழுக்க அதை வைத்து வேலை செய்யச் சொல்பவர், தன் மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் முயன்று பார்க்கட்டும்.

ஆகவே திரைவாசிப்பான் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே வைத்த பிறகும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, ஒலி. ஒலியை இந்தப் பக்கம் அனுப்பும் வசதியை நிர்வாகி அணைத்து வைத்திருந்தால், உள்ளே என்விடிஏ தொண்டை கிழியப் பேசினாலும் நம் காதுக்கு வராது. இரண்டு, விசைப்பலகை. வெளியே ஒரு என்விடிஏ, உள்ளே ஒரு என்விடிஏ, இரண்டுக்கும் அதே இன்செர்ட் விசை. வெளியே உள்ளது பிடுங்கிக்கொள்ளும். மெய்நிகர் கணினிச் சாளரத்தில் மட்டும் வெளியே உள்ளதை ஸ்லீப் மோடில் போட வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து வெளியே வர வலது கண்ட்ரோல், விஎம்வேரில் கண்ட்ரோல் ஆல்ட். இவை தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. மூன்று வாரம் ஆகிற வேலை இல்லை.

இனி அந்தப் பாதுகாப்புக் கொள்கைக்கு வருகிறேன். என்விடிஏவை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்தார். அவரும் பார்வையற்றவர். இது இலவசம், திறந்த மூலம். நிரலின் ஒவ்வொரு வரியையும் யாரும் படித்துப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் வல்லுநர்களை வைத்துச் சோதியுங்கள். சோதித்த பதிப்பை நீங்களே நிறுவுங்கள். ஊழியர் கையில் நிர்வாகி அனுமதி தர வேண்டியதில்லை. 2025.1 பதிப்பிலிருந்து ரிமோட் அக்சஸ் அதற்குள்ளேயே வருகிறது. இரண்டு பக்கமும் என்விடிஏ இருந்தால், உள்ளே பேச வேண்டியதை வெளியே உள்ளது பேசும். இடைத்தரகு சர்வர் வெளியில் இருப்பது பயம் என்றால் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். பணம் கட்டி வாங்கும் ஜாஸும் ரிமோட் டெஸ்க்டாப், சிட்ரிக்ஸ் வழியாக வேலை செய்யும்.

இத்தனை வழி இருக்க, ரகசியத் தகவல் உள்ள திரையைப் பக்கத்து இருக்கைக்காரர் உரக்கப் படிக்கலாம் என்கிறார்கள். இதுவா பாதுகாப்பு?

சட்டமும் சும்மா இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 21ஆம் பிரிவு, நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. தனியாரும் அதில் அடக்கம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், எண்ம வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அது வங்கிகளின் இ-கேஒய்சி தொடர்பான வழக்கு. ஆனால் கணக்குத் தொடங்கும் திரைக்கு ஒரு நியாயம், சம்பாதிக்கும் திரைக்கு ஒரு நியாயமா?

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எதற்கு வம்பு" என்று வாய் மூடி உட்கார்ந்து, கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். நிறுவனமும் "பார்வையற்றவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறது. அடுத்து வருகிற பிள்ளைக்கு நேர்காணலே கிடைக்காது. நம் மௌனத்துக்கு அவன் விலை கொடுக்கிறான்.

என் மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, வாயால் கேட்டது போதும். மின்னஞ்சலில் கேள். மூன்றே வரி. உள்ளே என்விடிஏ வேண்டும். ஒலி இந்தப் பக்கம் வர வேண்டும். என்றைக்குள் செய்வீர்கள் என்று தேதி வேண்டும்." நேற்று அனுப்பிவிட்டான்.

இதைப் படிப்பவர்களில் நிறுவனங்களில் ஐடி பிரிவு, மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் உண்டு. என்னிடம் படித்தவர்களும் உண்டு. நாளை காலை உங்கள் அலுவலக மெய்நிகர் கணினியைத் திறந்து, கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு வரும் நரேட்டர் பேச வேண்டும். பேசுகிறதா, அந்தப் பேச்சு உங்கள் காதுக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், உங்கள் அலுவலகத்தில் இன்னும் சேராத ஒரு பிள்ளைக்கு நீங்கள் இப்போதே கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். அவன் வருவதற்கு முன்பே அதைத் திறந்து வையுங்கள்.