கானறிவு

நீலகிரி என்றதும் உதகையின் பூங்காவும் குன்னூரின் தேயிலைத் தோட்டங்களுமே பலர் நினைவிற்கு வரும். அளவாகக் கவாத்துச் செய்த தேயிலைச் செடிகளினூடே நடப்பவர்க்கு வழி தவறும் அச்சம் இல்லை. ஆயின், தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்குமிடத்தில் மனிதன் வகுத்த ஒழுங்கும் முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் செல்வார்க்குக் காலின் வலிமையும் நெஞ்சின் துணிவும் மட்டும் போதா, கானறிவும் வேண்டும்.

கானறிவாவது யாது? காடு காட்டும் குறிப்புகளை உணர்ந்து, அவற்றிற்கேற்ப அடங்கி ஒழுகும் அறிவே அஃது. முறிந்த கிளையின் ஈரமும் இலத்தியின் வெம்மையும் யானை சற்று முன்னரே அவ்வழிச் சென்றது என்பதைத் தெரிவிக்கும். கடமானின் திடீர்க் குரலும் மரவுச்சியிலிருந்து மந்தி எழுப்பும் ஒலியும் புலியோ சிறுத்தையோ அண்மையில் உள்ளது என எச்சரிக்கும். நீலகிரியில் வாழும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர் இக்குறிப்புகளை இளமையிலேயே கற்றவர்.

குறும்பர் தேனெடுக்கும் முறையைக் காண்போம். மலைத்தேனீக்கள் செங்குத்தான பாறைகளில் அடை கட்டும். காட்டுக் கொடிகளால் திரித்த ஏணியைப் பற்றிக்கொண்டு ஒருவர் கீழே இறங்குவார்; மேலே அதனைக் காத்து நிற்கும் பொறுப்பை மைத்துனர் முறையினரிடம் ஒப்படைப்பது வழக்கம். புகையெழுப்பி ஈக்களை விலக்கித் தேனைக் கொள்வர். இங்கே துணிவு பெரிது. ஆனால், கொடியைத் தேர்தலும் காலத்தை அறிதலும் உரிய துணையை நாடுதலும் அத்துணிவிற்கு முற்பட்டவை.

மலைவழிச் செல்ல விரும்பும் மாணவர்க்கும் இம்முறையே பொருந்தும். வனத்துறையின் இசைவு பெறுதல் முதற் கடமை. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஊரிலுள்ளாரிடம் கூறிச் செல்லல் வேண்டும். நனைந்த பருத்தியாடை உடலின் வெம்மையைக் கவர்ந்துவிடும். ஆதலின் கம்பளியாடையும் மழைக்காப்பும் உடன் கொள்ளல் நன்று. மழைக்காலத்தில் அட்டைகள் ஏறாதவாறு காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். குடிநீர், விளக்கு, காயத்திற்கு மருந்து ஆகியன இன்றியமையாதவை. இருள் சூழுமுன் இருப்பிடம் சேர்தல் வேண்டும்.

இவற்றை எளியனவென்று இகழ்தல் தகாது. நீலகிரியைப் போன்றே மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது தேனி மாவட்டத்துக் குரங்கணி. 2018 மார்ச்சு 11 அன்று அங்கு மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் புல் காய்ந்து சருகாகும். தீயோ சரிவில் மேல்நோக்கி மிக விரைந்து பரவும். எப்பருவத்தில் எம்மலைக்குச் செல்லலாகாது என்பதை அறிதலும் கானறிவின் பாற்பட்டதே.

கைப்பேசியும் வழிகாட்டும் கருவியும் இருக்க இப்பழைய அறிவு எதற்கு எனச் சிலர் வினவலாம். கருவி பயனுடையதே. எனினும், அது பாதையைக் காட்டுமேயன்றி, அப்பாதையின் வளைவில் நிற்கும் யானையைக் காட்டாது. மலையிடுக்குகளில் அதற்குத் தொடர்பே கிடைக்காமற்போவதும் உண்டு. 2021 ஆம் ஆண்டு மசினகுடிப் பகுதியில் ஆட்களைக் கொன்ற புலியைத் தேடியபோது, ஆளில்லா விமானங்களும் தானியங்கு ஒளிப்படக் கருவிகளும் பயன்பட்டன. அவற்றோடு அடிச்சுவடு அறிந்த பழங்குடியினரின் துணையும் வேண்டியிருந்தது. அப்புலி அக்டோபர் 15 அன்று உயிருடன் பிடிபட்டது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 வழித்தடங்களுடன் மலையேற்றத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதில் மலைவாழ் மக்கள் வழிகாட்டிகளாக அமர்த்தப்பெற்றனர். இது போற்றத்தக்கது. ஆயின், அவர்களை மூட்டை சுமப்பாராகவோ ஏவல் செய்வாராகவோ கருதிச் செல்வார் ஒன்றும் கற்கமாட்டார். “நில்” என்று அவர் கைகாட்டினால் நிற்பதும், “இன்று வேண்டா” என்றால் திரும்புவதும் இழிவல்ல. ஏட்டில் எழுதப்படாமையால் ஓர் அறிவு கல்வி ஆகாமற் போவதில்லை. கானறிந்தாரை ஆசிரியராகக் கொண்டு செல்பவனுக்கே காடு இன்பம் தரும். அவனே நலமாக வீடு திரும்புவான்.