லேபிளில் நெசவாளர் பெயர் எங்கே?

1927-ல் பாரிஸை அசத்திய எல்சா ஸ்கியாபரெல்லியின் கறுப்பு ஸ்வெட்டரில், கழுத்தில் வெள்ளை ரிப்பன் முடிச்சு போட்டது போலத் தெரியும். ரிப்பனே கிடையாது, எல்லாம் பின்னல். பின்னியவர் அருசியாக் மிகாயேலியன் என்ற ஆர்மீனியப் பெண். மேலே தெரியாத வண்ண நூலைப் பின்பக்கம் தொங்கவிடாமல், சில கண்ணிகளுக்கு ஒருமுறை பின்னலோடு சேர்த்துப் பிடிப்பது அவர் முறை. துணி தொய்யாது. பெயர் என்னவோ டிசைனருக்குத்தான்!

நம்ம பக்கம் மட்டும் என்ன? குற்றாலத்தில் குளிச்சிட்டு தென்காசி, அம்பாசமுத்திரம் வழியா நெல்லை திரும்புறவங்க வீரவநல்லூரைத் தாண்டித்தான் போறாங்க. அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் கைத்தறியில் செடியும் பூவுமாக நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பது சேலையின் பெயரை. தறியில் உட்கார்ந்தவர் யார்னு அதில் இருக்காது. லேபிளில் அவர் பெயரையும் கூட்டுறவுச் சங்கங்கள் அச்சிடட்டும். அதுவரை, வாங்கும்போது நெய்தது யார்னு நாமே கேட்கலாம்.