தலையில் அடிபட்ட பிள்ளை மறுபடி ஆடுவது எப்போது?

“ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே டாக்டர், ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆடலாம் அல்லவா?” தலையில் பந்து பட்டு வரும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுவே. கேள்வியில் தவறில்லை. ஆயினும், “இப்போது வேண்டாம்” என்பதே எங்கள் விடை. அதற்கான காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறோம்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மட்டையாளரை அடைந்துவிடும். கண் ஒன்றைக் கண்டு, அதற்கேற்பக் கை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. ஆகவே பந்து வந்த பிறகு முடிவெடுக்க நேரமில்லை. தேர்ந்த மட்டையாளர், பந்துவீச்சாளரின் ஓட்டத்தையும் மணிக்கட்டையும் கண்டு, பந்து எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணிக்கிறார். மட்டையாளர்களின் கண்ணசைவுகளை அளந்து மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் ஆகிய ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பந்து விழும் இடத்தை அவர்கள் முன்கூட்டியே கணிப்பதைக் காட்டியது. பந்து தரையைத் தொடும் முன்பே ஆட்டக்காரரின் கண் அவ்விடத்துக்குத் தாவிவிடுகிறது. திறன் மிகுந்தவரிடம் அத்தாவல் இன்னும் விரைவாக நிகழ்கிறது. கையின் வேகம் என்று நாம் மெச்சுவது பெரும்பகுதி மூளையின் வேகமே. கபடியில் எதிராளியின் பிடியிலிருந்து நழுவுவதும், இறகுப்பந்தில் ஸ்மாஷைத் திருப்புவதும் இவ்வாறே.

தலையில் அடிபட்டதால் நேரும் மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், குலைப்பது இந்த வேகத்தைத்தான். இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் ஸ்கேன் காட்டும். மூளை அதிர்ச்சியோ மூளையின் செயல்பாட்டில் நேரும் கோளாறு; வழக்கமான ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே பிள்ளை வீட்டில் பேசிச் சிரித்து நலமாகவே தோன்றலாம். மைதானத்தில் நொடியின் ஒரு சிறு பங்கு தாமதித்தாலும், விலக வேண்டிய பந்திலிருந்து அவனால் விலக முடியாது. முதல் காயம் ஆறுமுன் இரண்டாம் அடி பட்டால் குணமடைதல் நெடிதாகும். அரிதாக, இளம் வயதினருக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஆஷஸ் டெஸ்டில், ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. சோதனைகளில் தேறி அன்றே அவர் மீண்டும் ஆட வந்தார். ஆனால் மறுநாள் அறிகுறிகள் வெளிப்பட்டதால் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்காக அனுமதிக்கப்பட்ட முதல் மாற்று வீரர் அவரே. ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை. மருத்துவர்கள் அருகிலேயே இருந்தும் அறிகுறி தாமதமாகத் தெரிந்தது என்றால், தெரு மைதானத்தில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

ஆகையால் குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவன இவை. மூளை அதிர்ச்சி என்ற ஐயம் இருந்தாலே, பிள்ளை அன்று மீண்டும் ஆடக் கூடாது. முதல் 1 முதல் 2 நாள்கள் கடும் உழைப்பின்றி ஓய்ந்திருக்கட்டும். கைப்பேசித் திரையையும் குறைக்கட்டும். முதலில் படிப்பு, பிறகே விளையாட்டு. மெதுவான நடை, ஓட்டம், தனிப் பயிற்சி எனப் படிப்படியாக ஏறி, மருத்துவர் இசைந்த பின்னரே பந்தை எதிர்கொள்ளட்டும். பிள்ளைகள் பெரும்பாலோர் 4 வாரங்களுக்குள் தேறிவிடுவர். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போனால், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், வலிப்போ, மிகுந்த உறக்கமோ, குழப்பமோ, கைகால் தளர்ச்சியோ கண்டால், உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

தேர்வுப் போட்டி நழுவுமே, அணியில் இடம் போய்விடுமே என்ற கவலையை நாங்கள் அறிவோம். அதற்காகவே வலியை மறைக்கும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். “ஒன்றுமில்லை, ஆடு” என்று பெரியவர்கள் சொன்னால் அவன் தன் துன்பத்தைச் சொல்லவே மாட்டான். “எப்படி இருக்கிறது? உள்ளதைச் சொல், ஆட்டம் காத்திருக்கும்” என்று கேளுங்கள். இழந்த போட்டிக்கு அடுத்த பருவம் உண்டு. மூளைக்கு மாற்று இல்லை.