தோற்றவரும் தோற்கவிட்டவரும்

கல்லூரி மலர்களில் விளையாட்டுப் பகுதியை எழுதுவோர் பெற்ற கேடயங்களை நிரல்பட உரைப்பர். இழந்த ஆட்டங்களை ஒரு வரியில் அடக்கிவிடுவர். வெற்றியைப் பேசுதல் எவர்க்கும் எளிது. ஆயினும், ஓர் அணியின் உண்மை இயல்பை அறிய வேண்டின், அது தோற்ற பருவத்தையே நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து. இதனை நிறுவுதற்குத் தோல்விக் கணக்கை மிக நுட்பமாகக் காத்துவைத்திருக்கும் ஓர் ஆட்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அஃது அமெரிக்க நாட்டுப் பேஸ்பால்.

அணிக்கு ஒன்பதின்மர் ஆடுவர். ஒருவர் பந்தெறிய, எதிரணியார் ஒருவர் உருண்ட மட்டையால் அதனை அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்து சேரின் ஓர் ஓட்டம். ஊதியம் பெற்று ஆடும் பெருங் கழகங்கள் இக்காலத்தில் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. மார்ச்சு மாத இறுதி தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. ஆதலின் மிகச் சிறந்த அணியும் அறுபது ஆட்டங்களளவு தோற்கும். நூற்றுக்கு மேல் தோற்பதோ பெருங்குறையாகக் கருதப்படும். இவ் வாட்டத்தில் தோல்வி ஒருநாள் துயரன்று. இன்று தோற்றவன் நாளை மாலை அதே உடை உடுத்து, அதே மக்கள் முன் வந்து நிற்றல் வேண்டும்.

இனி, இரண்டு தோல்விப் பருவங்களை ஒப்பு நோக்குவாம்.

கிளீவ்லந்து நகரத்தில் ஸ்பைடர்ஸ் என்னும் கழகம் ஒன்று இருந்தது. அது தாழ்ந்த கழகமன்று. 1895இல் டெம்பிள் கோப்பையை வென்றது. 1898இலும் தோல்வியினும் வெற்றியே மிகுதியாகப் பெற்றது. அதன் உரிமையாளராகிய ராபிசன் உடன்பிறந்தார் இருவரும் 1899இன் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கழகத்தையும் விலைக்கு வாங்கினர். அங்கே கூட்டம் மிகுதியாகச் சேரும், வருவாய் பெருகும் எனக் கருதி, கிளீவ்லந்தின் சிறந்த ஆட்டக்காரரை அந்நகருக்குக் கொண்டுபோயினர். பந்தெறிவதில் பெரும்புகழ் பெற்ற சை யங் அவருள் ஒருவர்.

எஞ்சியவரைக் கொண்டு ஆடிய கிளீவ்லந்து அவ்வாண்டு 154 ஆட்டங்களுள் 20இல் வென்றது, 134இல் தோற்றது. இடையே 24 ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வி. சொந்த நகரில் நிகழ்ந்த 42 ஆட்டங்களையும் காண வந்தவர் எல்லாருஞ் சேர்ந்து 6,088 பேர். வாயிற் கட்டணத்தில் கிடைக்கும் பங்கு வழிச்செலவுக்கும் போதாமையால் பிற அணிகள் அந்நகருக்கு வர மறுத்தன. ஆகவே, ஸ்பைடர்ஸ் அணியே ஊரூராய்த் திரிந்து 112 ஆட்டங்களைப் பிறர் களங்களில் ஆடி, அவற்றுள் 101இல் தோற்றது. பருவம் முடிந்தபின் தேசிய லீக் தன் பன்னிரண்டு கழகங்களை எட்டாகக் குறைத்தபோது, நீக்கப்பட்டவற்றுள் கிளீவ்லந்தும் ஒன்றாயிற்று. ஓரூரை வறிதாக்கிச் சேர்த்த ஆட்டக்காரரைக் கொண்டு செயின்ட் லூயிஸ் பெற்ற இடமோ ஐந்தாவது.

மற்றொன்று நியூயார்க் மெட்ஸ் கழகத்தின் 1962ஆம் ஆண்டுப் பருவம். 1957இன் ஆட்டங்கள் முடிந்ததும் நியூயார்க்கின் இரு பழங் கழகங்களாகிய டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன. அவ் வெறுமையை நிரப்ப எழுந்ததே மெட்ஸ். பிற கழகங்கள் விட்டுக்கொடுக்க இசைந்த ஆட்டக்காரரே அதற்குக் கிடைத்தனர். மேலாளராக வந்தவர், யாங்கீஸ் அணிக்கு ஏழு முறை உலகப் பட்டம் பெற்றுத் தந்த முதியவர் கேசி ஸ்டெங்கல். முதல் ஒன்பது ஆட்டங்களிலும் தோல்வி. பருவ முடிவில் வெற்றி 40, தோல்வி 120. எனினும், அவ்வாண்டு அவ்வணியைக் காண வந்தவர் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். அதே களத்தில் ஜயன்ட்ஸ் தன் கடைசி ஆண்டில் கண்ட கூட்டத்தினும் இது மிகுதி. அன்பர் பலர் பதாகை எழுதிக் கொண்டுவந்து பிடித்தனர். 1963இல் கழகமே பதாகை நாள் என ஒரு நாளை வகுத்தது. 1969இல் அக்கழகம் உலகப் பட்டம் வென்றது.

இரண்டும் தோல்வியே. ஒன்றை மக்கள் கைவிட்டதும் மற்றொன்றை மடியிலிட்டுத் தாலாட்டியதும் என்னை? நியூயார்க் பெருநகர், கிளீவ்லந்து அத்துணைப் பெரிதன்று என்பாரும் உளர். அஃது உண்மையே. ஆயினும் 1901இல் அமெரிக்க லீக்கில் கிளீவ்லந்துக்கெனப் பிறிதொரு கழகம் அமைந்தபோது, அவ்வூரார் அதனை ஏற்றுப் போற்றினர். அக் கழகம் இன்றும் அவ்வூரிலேயே ஆடுகின்றது. ஆகவே அவர்தம் ஆர்வம் குன்றவில்லை. அவர் வெறுத்தது தம்மை ஏமாற்றிய ஒரு வாணிகத்தையே. மெட்ஸ் அணியார் வல்லமை இன்மையால் தோற்றனர். ஸ்பைடர்ஸ் அணியாரை உரிமையாளர் தோற்கவிட்டனர். தோற்றவன்மேல் மக்களுக்கு இரக்கம் பிறக்கும். தோற்கவிட்டவன்மேல் வெறுப்பே பிறக்கும். வென்ற கரிகாலனுக்கு முன்னரே, வெண்ணிப் போரில் புண்பட்டு வடக்கிருந்த சேரனை உயர்த்திப் பாடிய வெண்ணிக் குயத்தியாரைக் கற்ற நமக்கு இவ் வேற்றுமை புதிதன்று.

நிற்க. இன்று தோற்று நாளை வெல்லுதல் அறிவுடைமை அன்றோ எனச் சிலர் வினவுவர். இவ் வினாவுக்கு இடமுண்டு. அமெரிக்கக் கழகங்கள் இளைஞரைத் தெரிந்தெடுக்கும்போது, மிகத் தாழ்ந்த அணிக்கே முதலுரிமை என்னும் முறை நெடுநாள் இருந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கழகம் தேர்ந்த ஆட்டக்காரரை விலக்கிச் செலவைச் சுருக்கி, 2011 முதல் மூன்று பருவங்களில் முறையே 106, 107, 111 ஆட்டங்கள் தோற்றது. மூன்றாண்டு தொடர்ந்து முதல் தெரிவும் பெற்றது. 2017இல் உலகப் பட்டமும் வென்றது. அவ்வாண்டில் அவ்வணியார் எதிரணியின் குறிப்புகளை ஒளிப்படக் கருவியால் திருடினர் என்பது 2020இல் லீக் தலைவரின் விசாரணையில் வெளிப்பட்டது வேறு கதை. அது வெளிப்படாதிருப்பினும் எமது தடை நீங்காது. உழவன் விதைநெல்லைக் காத்தல் தன் வயிற்றைக் கட்டி. இக் கழகங்களோ பிறர் வயிற்றைக் கட்டுகின்றன. 2013இல் சீட்டு வாங்கி வந்த பத்து வயதுச் சிறுவனிடம் அன்றைய ஆட்டத்துக்கே காசு பெற்றனர்; 2017ஆம் ஆண்டின் ஆட்டத்துக்கு அன்று. தோல்விக்குப் பரிசளிக்கும் அம்முறையைத் திருத்த, 2023ஆம் ஆண்டுத் தெரிவு முதல் முன்னிடங்களுக்குக் குலுக்கல் ஏற்பட்டதே இக் குறையை லீக்கும் உணர்ந்தமைக்குச் சான்று.

மெட்ஸ் அணியின் 120 என்னும் தொகையை 2024இல் சிக்காகோ ஒயிட் சாக்ஸ் கடந்தது. வெற்றி 41, தோல்வி 121. 21 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற நாட்களும் அப் பருவத்தில் உண்டு. மேலாளர் இடையிலேயே நீக்கப்பட்டார். 2021இல் 93 ஆட்டங்கள் வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்ற கழகம் மூன்றாண்டில் இந் நிலைக்கு இழிந்ததற்கு விடையிறுக்க வேண்டியவர் உரிமையாளரே. கழகத்தை விற்றுவிடுக எனக் களத்திலேயே முழங்கிய சிக்காகோ மக்களின் சினம் நேரியது. ஆனால் ஆட்டக்காரர்மீது அச் சினம் பாய்தல் தகாது. 120ஆம் தோல்விக்குப் பின் சொந்தக் களத்தில் மூன்று ஆட்டங்களையும் அவர்கள் வென்றனர். டெட்ராய்ட்டில் 121ஆம் தோல்வி நேர்ந்தபின், அவ்வூரிலேயே எஞ்சிய இரண்டையும் வென்றனர். இழப்பதற்கும் பெறுவதற்கும் யாதுமில்லாத அக் கடைசி ஆறு ஆட்டங்களுள் ஐந்தில் வெற்றி!

ஆதலின், தோல்வித் தொகை மட்டும் ஓர் அணியை அளக்கும் கோலாகாது. தன்னிடம் உள்ள வல்லமை முழுவதையும் காண வந்தோர்க்கு அளித்ததா என்பதே முதல் வினா. அவ் வல்லமையைக் குறைத்தவர் யாவர் என்பது இரண்டாம் வினா. பட்டியலின் அடியில் நிற்கும் அணியைக் கண்டு நகைப்பதற்கு முன், நாம் இவ்விரு வினாக்களையும் கேட்பதே முறை.