ஓடுவதை ஓடுவதாகக் காட்டுவோம்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஓடும் பேருந்தைத் துளியும் கலங்காமல் படமெடுத்துவிட்டால் அதுவே நல்ல படம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஷட்டர் 1000-இல் ஒரு பங்கு வினாடி திறந்தால் பேருந்தும் தெளிவு, பின்னால் நிற்கும் புளியமரமும் தெளிவு. ஆனால் அந்தப் பேருந்து ஓடுகிறதா, பஞ்சராகி நிற்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்?

இதற்கு மாற்றாக ஒரு முறை உண்டு. ஷட்டரை 30-இல் ஒரு பங்கு வினாடிக்கு வைத்து, பேருந்தின் போக்கிலேயே காமிராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது. பேனிங் என்பார்கள். பேருந்து தெளிவாக விழும். மரமும் கடையும் கோடு கோடாக இழுபடும். இதை நமது இயற்பியல் செய்முறை வகுப்பில் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

"அது பணக்காரர் பொழுதுபோக்கு அல்லவா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் உண்மைதான். பிரெஞ்சுக்காரரான ழாக் ஆன்ரி லார்த்திக் செல்வர் வீட்டுப் பிள்ளை; சிறுவயதிலேயே தந்தை காமிரா வாங்கித் தந்தார். இருபது வயதாகுமுன் கார்ப்பந்தயமொன்றில் காமிராவைத் திருப்பியபடி அவர் எடுத்த படம் இன்று உலகப்புகழ் பெற்றது. நம்மிடம் இருப்பது கைப்பேசி. ஷட்டர் நேரத்தை மாற்றும் வசதி இன்று பல கைப்பேசிகளில் இருக்கிறது. வகுப்பில் நான்கு பேரிடம் இருந்தால் போதாதா?

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். பேருந்து செல்லும் தடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால், அது நேர் எதிரே வரும்போது நாம் வினாடிக்கு ஏறக்குறைய 57 பாகை வேகத்தில் திரும்பவேண்டும். 20 மீட்டர் என்றால் அதில் பாதி. எதிரே வரும்வரை கோணவேகம் ஏறும், கடந்தபின் இறங்கும். நேர் எதிரே கணநேரம் மாறாமல் நிற்கும். பொத்தானை அழுத்தவேண்டிய இடம் அதுதான். அழுத்தியபின்னும் திரும்புவதை நிறுத்தக்கூடாது. வகையீட்டில் 'பெருமம்' என்று எழுதிவிட்டுப் போகிறோமே, அதை இங்கே இடுப்பு உணர்ந்துகொள்கிறது! (நடுப்பகல் வேண்டாம், படம் வெளுத்துவிடும். அந்திப்பொழுது ஏற்றது. இருபதில் ஒன்று தேறினாலே பெரிது.)

சக்கரம் இன்னும் சுவையானது. பேனிங் படத்தில் அச்சு தெளிவாகவும் விளிம்பு முழுவதும் சீராகக் கலங்கியும் இருக்கும். காமிராவை அசைக்காமல் அதே வண்டியை எடுத்தால் சக்கரத்தின் மேற்பகுதி மிகவும் கலங்கும்; தரையைத் தொடும் இடம் மட்டும் ஓரளவு தெளிவாக நிற்கும். உருளும் சக்கரத்தின் தொடுபுள்ளிக்குத் திசைவேகம் சுழி என்பது நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய வரி.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பாடங்களில் எதையும் வீட்டில் பேச வழியிருந்ததில்லை. லாரி ஓட்டுநரான அப்பாவிடம் இந்த இரண்டு படங்களையும் காட்டினேன். உடனே சொன்னார்: "பிடிமானம் இருக்குற எடம் எப்படிடா ஓடும்? ஓடுனா வண்டி சறுக்கிடும்ல?" அன்றிரவு நெடுநேரம் சக்கரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பேராசிரியப் பெருமக்கள் அடுத்த பருவத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் தரவேண்டும். கல்லூரி மதிலுக்கு உட்புறம் நின்றே செய்துவிடலாம். மரம் இழுபட்ட நீளத்தைக் கோணமாக்கி, ஷட்டர் நேரத்தால் வகுத்தால் கோணவேகம். அதைத் தூரத்தால் பெருக்கினால் பேருந்தின் வேகம். புதிதாக வாங்கவேண்டிய கருவி ஏதுமில்லை. தூரம் அளக்க டேப் நம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது.